தனி யுஎஸ்ஆர், தனி வார்: ரீபூட்டுக்குப் பிறகு எழாத ஒரு பில்லிங் சர்வர்

பின்னணி

ஒரு நடுத்தர வணிக நிறுவனத்தின் பில்லிங் சர்வர் பற்றிய நிகழ்வு இது. ரெட் ஹேட் 8 வகை லினக்ஸ், அதன் மேல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கூடவே பில்லிங் மென்பொருள். இன்ஸ்டால் செய்தவர்கள் இன்ஸ்டாலர் தானாகப் போட்டுக்கொடுத்த பார்ட்டிஷன் அமைப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். ரூட்டுக்கு (எல்லா டைரக்டரிகளுக்கும் அடியான /) 70 ஜிபி, கொஞ்சம் ஸ்வாப், மிச்சம் எல்லாம் /ஹோமுக்கு. இந்த மாதிரி சர்வரில் /ஹோமில் யாரும் எதையும் வைப்பதில்லை, டேட்டாபேஸ் இருப்பதோ /வார்/லிப் அடியில், அதாவது ரூட்டிலேயே. அதனால் ஒருபக்கம் நூற்றுக்கணக்கான ஜிபி சும்மா கிடக்க, ரூட் மட்டும் எப்போதும் மூச்சு முட்டிக்கொண்டே இருந்தது. /ஹோமைச் சுருக்கி இடம் எடுக்கவும் முடியாது, ஏனென்றால் இரண்டுமே எக்ஸ்எஃப்எஸ் வகைக் கோப்பு அமைப்பு, அதைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது.

இந்த நிலையில் பாதுகாப்புத் தணிக்கை வந்தது. சிஐஎஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் அளவுகோலின்படி /டெம்ப், /ஹோம், /வார், /வார்/டெம்ப், /வார்/லாக், /வார்/லாக்/ஆடிட் ஆகியவை தனித்தனி பார்ட்டிஷனாக இருக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். நியாயமான கோரிக்கைதான். லாக் பெருகி டேட்டாபேஸின் இடத்தைத் தின்பதும், டெம்ப்பில் யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் ஓடுவதும் தடுக்கப்பட வேண்டியவைதான். அந்தப் பட்டியலில் நிரல்கள் இருக்கும் /யுஎஸ்ஆர் கிடையாது. ஆனால் வேலையை ஏற்ற இளைய அட்மின், இதோடு சேர்த்து /யுஎஸ்ஆரையும் பிரித்து ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்துவிட்டால் (படிக்க மட்டும் முடிகிற மாதிரி டைரக்டரி மரத்தில் இணைத்தால்) இன்னும் பாதுகாப்பு என்று நினைத்து அதையும் சேர்த்துக்கொண்டார்.

அன்று இரவு ரிமோட் கன்சோலில் நானும் உடன் இருந்தேன். பெயர்கள் வேண்டாம், நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

செய்த மாற்றங்கள்

சர்வரில் புது டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, அதைப் பழைய வால்யூம் குரூப்பிலேயே (டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு) இணைத்தார்கள். சனிக்கிழமை இரவு கடை மூடியதும் டேட்டாபேஸை நிறுத்தி, பேக்கப் எடுத்து, இன்ஸ்டாலேஷன் ஐஎஸ்ஓவில் இருந்து ரெஸ்க்யூ மோடில் சர்வரை ஏற்றினார்கள். /யுஎஸ்ஆர், /வார் முதலான ஒவ்வொன்றுக்கும் அந்தத் தொகுப்பைப் பிரித்துத் தரும் எல்விஎம்மில் ஒரு லாஜிக்கல் வால்யூம் (சுருக்கமாக எல்வி) உருவாக்கி, எக்ஸ்எஃப்எஸ் போட்டு, பழைய உள்ளடக்கத்தை ஆர்சிங்க் கட்டளை மூலம் நகலெடுத்தார்கள். பழைய /யுஎஸ்ஆரை அழிக்காமல் வேறு பெயருக்கு மாற்றி, அதே இடத்தில் காலி டைரக்டரி ஒன்றை வைத்தார்கள். இது நல்ல முடிவு, பின்னால் தைரியம் கொடுத்தது இதுதான். /வார் விஷயத்தில் அப்படிச் செய்யவில்லை, பழைய கோப்புகளை அதே இடத்தில் விட்டு மேலே புதியதை மவுண்ட் செய்ய வரி எழுதிவிட்டார்கள். இது ஏன் ஆபத்து என்று கீழே சொல்கிறேன்.

எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எல்லா வரிகளும் யுயுஐடியோடு (ஒவ்வொரு கோப்பு அமைப்பின் தனி அடையாளம்) எழுதப்பட்டன. அதே ரெஸ்க்யூ மோடில் புது /யுஎஸ்ஆரை முதலில் கையால் ஏற்றி, சிரூட் செய்து (சர்வரின் ரூட்டுக்குள் நுழைந்து), எஃப்எஸ்டேப்பில் உள்ள எல்லாவற்றையும் ஏற்றும் மவுண்ட் -ஏ கொடுத்தார்கள். ஒரு பிழை இல்லாமல் எல்லாம் ஏறியது.

"அண்ணா, மவுண்ட் எல்லாம் கரெக்டா வந்துடுச்சு, ரீபூட் போடட்டுமா?" என்று கேட்டார் இளையவர். உடன் இருந்த சீனியர் அட்மின் எஃப்எஸ்டேப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, போடு என்றார்.

ரீபூட்டில் கண்டது

பூட்டைத் தொடங்கி வைக்கும் கிரப் வந்தது, கர்னல் ஏறியது, அப்புறம் திரையில் ஒரே ஒரு வரி நகர ஆரம்பித்தது. /யுஎஸ்ஆரின் டிவைஸுக்காகக் காத்திருக்கும் வேலை ஓடுகிறது, 1 நிமிடம் 30 விநாடி வரை காத்திருக்கும் என்று. பூட்டில் மற்ற எல்லாவற்றையும் எழுப்பும் சிஸ்டம்டி ஒரு டிவைஸுக்காக இயல்பாகக் காத்திருக்கும் நேரம் அந்த 90 விநாடிதான். அது முடிந்ததும் சிஸ்ரூட்டுக்குள் (நிஜ ரூட் தற்காலிகமாக ஏறும் இடம்) யுஎஸ்ஆரை மவுண்ட் செய்யும் வேலை தோற்றது, எமர்ஜென்சி மோட், டிராகட் ஷெல், அதாவது பூட்டின் ஆரம்பக் கட்டத்திலேயே நிற்கும் கட்டளைத் திரை. ரன் டைரக்டரிக்குள் ஆர்டிஎஸ்ஓஎஸ் அறிக்கை இருக்கிறது, அதை யுஎஸ்பியிலோ பூட் பார்ட்டிஷனிலோ சேமித்துக்கொள் என்ற வழக்கமான அறிவிப்பும் வந்தது.

கிரப் மெனுவில் இருந்த ரெஸ்க்யூ கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள். அதிலும் அதே கதை. இது பலரையும் குழப்பும் இடம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ரெஸ்க்யூ என்ட்ரியில் முக்கியமாக மாறுவது இனிட்ராம்எஃப்எஸ்தான் (ரூட் ஏறும் முன் நினைவகத்தில் ஓடும் சின்ன கோப்பு அமைப்பு), எல்லா டிரைவர்களையும் சேர்த்துக் கட்டிய பெரிய இனிட்ராம்எஃப்எஸ் அது. கர்னலுக்குப் போகும் கட்டளை வரி அதேதான். நம் சிக்கல் டிரைவரில் இருந்திருந்தால் ரெஸ்க்யூ காப்பாற்றியிருக்கும். காப்பாற்றவில்லை என்பதே ஒரு துப்பு.

டிராகட் ஷெல்லில் எல்விஎம் எல்விஸ்கேன் கொடுத்ததும் விஷயம் தெரிந்துபோனது. ரூட்டும் ஸ்வாப்பும் ஆக்டிவ். /யுஎஸ்ஆர், /வார், மற்ற எல்லாம் இனாக்டிவ். டிஸ்க் தெரிகிறது, வால்யூம் குரூப் தெரிகிறது, யாரும் அவற்றை எழுப்பவில்லை, அவ்வளவுதான்.

காரணம்

லினக்ஸ் பூட்டில் மவுண்ட் நடப்பது ஒரே இடத்தில் அல்ல, இரண்டு இடங்களில். எஃப்எஸ்டேப்பை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

முதல் இடம் இனிட்ராம்எஃப்எஸ். கர்னல் முதலில் நினைவகத்தில் இருக்கும் இந்தச் சின்ன கோப்பு அமைப்பில்தான் கால் வைக்கிறது. கட்டளை வரியில் ரூட் என்று எதைச் சொல்லியிருக்கிறதோ அதை சிஸ்ரூட்டில் மவுண்ட் செய்கிறது. ரூட் ஏறிய பிறகு அதற்குள் இருக்கும் எஃப்எஸ்டேப்பை சிஸ்டம்டி படிக்கிறது, ஆனால் இந்தக் கட்டத்தில் /யுஎஸ்ஆர் வரியையும், இனிட்ஆர்டியிலேயே, அதாவது இனிட்ராம்எஃப்எஸ்ஸிலேயே, மவுண்ட் செய் என்ற எக்ஸ்-இனிட்ஆர்டி.மவுண்ட் குறிப்பு உள்ள வரிகளையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும். அவை ஏறிய பின் உண்மையான ரூட்டுக்கு மாறி, அங்கிருக்கும் சிஸ்டம்டியிடம் பொறுப்பை ஒப்படைக்கும். /வார், /ஹோம், /டெம்ப் எல்லாம் அதற்கு அப்புறம், இரண்டாவது இடத்தில்தான்.

/யுஎஸ்ஆருக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கவனிப்பு? ரூட்டில் இருக்கும் /பின், /எஸ்பின், /லிப் எல்லாம் இப்போது வேறிடத்தைக் காட்டும் வெறும் சிம்லிங்க், நிஜமான கோப்புகள் யுஎஸ்ஆருக்குள் இருக்கின்றன. ஃபெடோரா 17 இந்த மாற்றத்தை 2012-இல் செய்தது, ரெட் ஹேட் 7 அதைத் தொடர்ந்தது. சிஸ்டம்டியே யுஎஸ்ஆருக்குள்தான் இருக்கிறது. மவுண்ட் கட்டளையும் அங்கேதான். யுஎஸ்ஆர் இல்லாமல் ரூட்டுக்கு மாறினால், யுஎஸ்ஆரை மவுண்ட் செய்யத் தேவையான நிரலே கையில் இருக்காது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். டெபியன் 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து யுஎஸ்ஆரை இனிட்ராம்எஃப்எஸ்ஸிலேயே மவுண்ட் செய்வதும் இதற்காகத்தான். 2023 டிசம்பரில் வந்த சிஸ்டம்டி 255, /பின்னும் /யுஎஸ்ஆர்/பின்னும் வெவ்வேறாக இருக்கும் பழைய அமைப்புக்கான ஆதரவையே கைவிட்டது. பெல் லேப்ஸில் பிடிபி-11 கணினியின் முதல் டிஸ்க்கில் இடம் போதாமல் இரண்டாவது டிஸ்க்குக்கு வழிந்த யூனிக்ஸ் கோப்புகளில் தொடங்கிய பிரிவு இது. அன்றைக்கு அது தேவையாக இருந்தது, இன்றைக்கு யுஎஸ்ஆர் தனியாக இருக்கலாம் என்றாலும் இனிட்ராம்எஃப்எஸ்தான் அதை ஏற்ற வேண்டும்.

சரி, இனிட்ராம்எஃப்எஸ் ஏன் ஏற்றவில்லை? கர்னல் கட்டளை வரியில் ஆர்டி.எல்விஎம்.எல்வி என்ற அளவுரு இரண்டு முறை இருந்தது, ஒன்று ரூட்டுக்கு, இன்னொன்று ஸ்வாப்புக்கு. இன்ஸ்டாலர் முதல் நாளே எழுதி வைத்தது. இந்த அளவுரு இருந்தால், அதில் பெயர் சொன்ன லாஜிக்கல் வால்யூம்களை மட்டுமே டிராகட் எழுப்பும். மற்றவை ரூட்டுக்கு மாறிய பிறகு, டிவைஸ்களைக் கவனிக்கும் யுடெவ் மூலம் தாமாக எழுந்துகொள்ளும். ஆகவே /வார் தனி எல்வியாக இருந்தாலும் எந்த அளவுருவும் தேவையில்லை, யுஎஸ்ஆருக்குக் கண்டிப்பாகத் தேவை. ரெஸ்க்யூ ஐஎஸ்ஓவிலோ எல்லா எல்வியும் ஏற்கனவே விழித்திருந்தன, அதனால்தான் அங்கே மவுண்ட் -ஏ பிழையில்லாமல் ஓடியது. அந்தச் சோதனை நிரூபித்தது எஃப்எஸ்டேப்பின் எழுத்துக்கள் சரி என்பதை மட்டும்தான். பூட்டைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. மவுண்ட் -ஏ எஃப்எஸ்டேப்பின் வரி வரிசைப்படி போகும், /வார்/லாக் வரி /வாருக்கு மேலே இருந்தால் முதலில் லாக் ஏறி, அதன்மேல் வார் ஏறி லாக்கை மூடிவிடும். சிஸ்டம்டி வரி வரிசையைப் பார்ப்பதில்லை, பாதையைப் பார்த்துத் தானே வரிசைப்படுத்தும். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது.

எடுத்த முடிவுகள்

முதலில் ஒரு நேர எல்லை வைத்தார்கள். விடிகாலை 3 மணிக்குள் எழவில்லை என்றால், பெயர் மாற்றி வைத்த பழைய யுஎஸ்ஆரைத் திரும்ப அதன் இடத்துக்குக் கொண்டுவந்து, எஃப்எஸ்டேப்பில் அந்த ஒரு வரியை மறைத்துவிட்டுக் கடையைத் திறக்க வேண்டியது. பின்வாங்கும் வழி கையில் இருந்ததால் யாரும் பதறவில்லை.

டிராகட் ஷெல்லிலேயே விஜிசேஞ்ச் கொடுத்து எல்லா எல்வியையும் எழுப்பி, எக்ஸிட் அடித்தால் பூட் தொடர்ந்திருக்கும். சீனியர் அதைச் செய்யவில்லை. அப்படித் தொடர்ந்தால் சர்வர் ஓடும், ஆனால் நிரந்தரமாக எதை எழுத வேண்டும் என்பது நிரூபணமாகாது, அடுத்த ரீபூட் யார் தலையிலோ விழும் என்பது அவர் வாதம். அதனால் மறுபடி ரீபூட் செய்து, கிரப் மெனுவில் 'ஈ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் யுஎஸ்ஆருக்கான ஆர்டி.எல்விஎம்.எல்வி அளவுருவை மட்டும் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுத்தார். அந்த ஒரு சொல் சேர்ந்ததும் பூட் அந்த இடத்தைத் தாண்டியது. சர்வர் எழுந்த பிறகு அதே அளவுருவை கிரப்பி கட்டளையால் எல்லா கர்னல்களுக்கும் எழுதி, டீஃபால்ட் கிரப் கோப்பிலும் சேர்த்தார்கள், இனி கிரப் கான்ஃபிக்கைப் புதிதாக உருவாக்கினாலும் அது விட்டுப்போகக் கூடாது என்பதற்காக.

காத்திருந்த அந்த 90 விநாடியில் இளையவர் கேட்ட ஒரு கேள்வி முக்கியமானது. "நோஃபெயில் போட்டா காத்திருக்காம போயிடுமே அண்ணா, எல்லா வரிலயும் போட்டுடலாமா?" நோஃபெயில் என்பது, மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்று எஃப்எஸ்டேப் வரியில் எழுதும் குறிப்பு. இணையத்தில் தேடினால் பத்தில் எட்டுப் பேர் இந்த மருந்தைத்தான் எழுதித் தருகிறார்கள். கணினிக்கு வெளியே இருக்கும் டிஸ்க்குக்கு அது சரியான மருந்து. யுஎஸ்ஆருக்குப் போட்டால் காத்திருப்பு போகும், ஆனால் அடுத்த படியில், சிஸ்ரூட் ஓஎஸ் மரமாகத் தெரியவில்லை, ஓஎஸ்-ரிலீஸ் கோப்பு இல்லை என்று சொல்லி ரூட் மாற்றம் நின்றுவிடும். அந்தக் கோப்பும் யுஎஸ்ஆருக்குள் போகும் சிம்லிங்க்தான்.

/வாருக்குப் போட்டிருந்தால் நடந்திருக்கக் கூடியது இதைவிட மோசம், எனக்கு இன்றும் நினைத்தால் பகீர் என்கிறது. பழைய /வார் கோப்புகள் ரூட்டில் அப்படியே இருந்தன, மறைந்து மட்டும் இருந்தன. ஒரு நாள் புது டிஸ்க் தாமதமாக எழுந்து, நோஃபெயில் இருப்பதால் மவுண்ட் ஆகாமலேயே பூட் முன்னால் போகிறது என்று வையுங்கள். போஸ்ட்கிரெஸ் தொடங்கும். அதற்குத் தேவையான டைரக்டரி இருக்கிறதே! மாற்றம் செய்த அந்தச் சனிக்கிழமை இரவில் உறைந்த பழைய டேட்டாவை எடுத்துக்கொண்டு, எந்தப் புகாரும் இல்லாமல் ஓட ஆரம்பிக்கும். பகல் முழுக்க பில் போடுவார்கள். அடுத்த ரீபூட்டில் புது டிஸ்க் சரியாக மவுண்ட் ஆகும், அந்த ஒரு நாளின் பில்கள் மொத்தமும் அடியில் மறைந்துபோகும். போஸ்ட்கிரெஸிடமிருந்தோ பில்லிங் மென்பொருளிடமிருந்தோ ஒரு பிழைச் செய்திகூட வராது. எமர்ஜென்சி மோடில் நிற்கும் சர்வர் எரிச்சல்தான், ஆனால் அது எவ்வளவோ மேல், ஏனென்றால் அது பொய் சொல்வதில்லை. சிஸ்டத்துக்குத் தேவையான எந்தப் பார்ட்டிஷனுக்கும் நோஃபெயில் கிடையாது என்று அங்கேயே முடிவாயிற்று.

தொடர்ந்து வந்த சிக்கல்: எஸ்இலினக்ஸ் லேபிள்

பூட் லாகின் வரை வந்தது, ஆனால் போஸ்ட்கிரெஸ் எழவில்லை, தணிக்கைப் பதிவு எழுதும் ஆடிட்டியும் எழவில்லை, சிஸ்டம் லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் எதையும் எழுதவில்லை. பர்மிஷன், உரிமையாளர் எல்லாம் பார்த்தால் சரி. கர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜில் ஏவிசி டினைடு வரிகள் குவிந்து கிடந்தன, கோப்பின் லேபிளைப் பார்த்து அனுமதி தரும் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் மறுத்ததற்கான பதிவு அவை, ஒவ்வொன்றிலும் இலக்கின் லேபிள் அன்லேபிள்டு_டி. ஆடிட்டி ஓடாதபோது இந்த வரிகள் கர்னல் லாக்கில்தான் விழும், ஆடிட் லாக்கில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

யுஎஸ்ஆரை நகலெடுத்தபோது ஆர்சிங்க்கில் பெரிய எக்ஸ் கொடுத்திருந்தார்கள், /வாருக்கு வெறும் -ஏ. அந்த எக்ஸ் இல்லையென்றால் எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட் நகலாகாது, எஸ்இலினக்ஸ் லேபிள் இருப்பதோ அதில்தான். மணி ஆகிவிட்டது, இப்போதைக்கு பெர்மிசிவில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) விட்டுவிடலாமே என்று நிறுவனத்தின் ஐடி பொறுப்பாளர் கேட்டார். சீனியர் மறுத்தார், தணிக்கைக்காகத் தொடங்கிய வேலையில் பாதுகாப்பை அணைத்துவிட்டுப் போவதில் அர்த்தமில்லை, "கொஞ்சம் பொறுங்க சார்" என்று சொல்லிவிட்டு, /வார் மொத்தத்துக்கும், சரியான லேபிளைத் திரும்ப இடும் ரீஸ்டோர்கான் ஓட்டினார். அது முடிந்ததும் போஸ்ட்கிரெஸ் எழுந்தது, டேட்டாபேஸைச் சரிபார்த்து, கெடு வைத்த நேரத்துக்கு முன்பே ஒப்படைத்தார்கள்.

திரும்பி வராத இடம்

மறுநாள் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கொடுத்துப் பார்த்த பொறுப்பாளர், ரூட் இன்னும் அதே அளவு நிரம்பியிருக்கிறதே என்று கேட்டார். நிரம்பித்தானே இருக்கும். பெயர் மாற்றிய பழைய யுஎஸ்ஆரும், மவுண்டுக்கு அடியில் மறைந்த பழைய /வாரும் ரூட்டில்தான் இருந்தன. ஒவ்வொரு பூட்டிலும் சிஸ்டம்டி, /வார் டைரக்டரி காலியாக இல்லை, இருந்தாலும் மவுண்ட் செய்கிறேன் என்று ஒரு வரி லாக்கில் எழுதிக்கொண்டுதான் இருந்தது.

புது அமைப்பில் சர்வர் ஒரு முழு வாரம் ஓடிய பிறகுதான் பழையவற்றில் கை வைத்தார்கள். ரூட்டை வேறொரு டைரக்டரியில் பைண்ட் மவுண்ட் செய்தால், அதன் வழியே மறைந்த /வார் தெரியும். இங்கே சாதாரண பைண்ட் மட்டும்தான் கொடுக்க வேண்டும், ஆர்பைண்ட் கூடவே கூடாது. ஆர்பைண்ட் கொடுத்தால் மேலே மவுண்ட் ஆகியிருப்பவையும் சேர்ந்து வந்துவிடும், அங்கே ஆர்எம் அடித்தால் போவது ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ். அழிப்பதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து, உள்ளே இருக்கும் கோப்புகளின் தேதி மாற்றத்துக்கு முந்தையதுதானா என்று பார்த்துவிட்டே அழித்தார்கள். காலியான அந்த /வார் டைரக்டரியின் மேல், மாற்றத்தைத் தடுக்கும் சேட்டர் +ஐ போட்டுவிட்டார்கள், மவுண்ட் ஆகாத நேரத்தில் யாரும் அதற்குள் எழுத முடியாது, எழுத முயல்வது சத்தமாகத் தோற்கும்.

பிறகு மாறியவை

யுஎஸ்ஆரைத் தனியாக வைத்ததால் கிடைத்த பலன் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ரீட்-ஒன்லியாக வைத்ததால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ரீமவுண்ட் செய்ய வேண்டியிருந்தது, அதை மறந்தால் அப்டேட் கருவியான டிஎன்எஃப் பாதியில் தோற்றது. தணிக்கையும் அதைக் கேட்கவில்லை. அடுத்த பராமரிப்பு நேரத்தில் யுஎஸ்ஆரை ரூட்டுக்கே திரும்பக் கொண்டுவந்து, எஃப்எஸ்டேப் வரியையும் கர்னல் அளவுருவையும் எடுத்துவிட்டார்கள். ரூட்டின் 70 ஜிபியில் பெரும்பகுதி சும்மா இருந்தது, எக்ஸ்எஃப்எஸ்ஸை எப்படியும் சுருக்க முடியாது, யுஎஸ்ஆர் அங்கே தாராளமாக உட்கார்ந்தது. /வாரும் அதன் பிள்ளைகளும் தனியாகவே தொடர்கின்றன.

அந்தக் குழுவின் வேலைக் குறிப்பின்படி இப்போது எஃப்எஸ்டேப்பில் கை வைக்கும் எவரும், சேர்க்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதை ஏற்றுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸா, ரூட்டில் இருக்கும் சிஸ்டம்டியா என்று எழுத வேண்டும். முதல் வகை என்றால் கர்னல் கட்டளை வரியும், அந்தக் கோப்பு அமைப்பின் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். ரூட் எக்ஸ்எஃப்எஸ்ஸாக இருந்து யுஎஸ்ஆரை இஎக்ஸ்டி4-இல் போட்டால், இந்தக் கணினிக்கென்று சுருக்கிக் கட்டிய இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அந்த டிரைவர் இல்லாமல் போகலாம், எல்எஸ்இனிட்ஆர்டி கொடுத்தால் தெரிந்துவிடும். ஃபைண்ட்மவுண்ட்டின் வெரிஃபை வசதியால் எஃப்எஸ்டேப்பைச் சரிபார்ப்பதும் பட்டியலில் உண்டு, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது என்று கீழேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: அதே அமைப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்து, அதை ரீபூட் செய்து, எழுந்ததைப் பார்த்த பிறகுதான் நிஜ சர்வரைத் தொட வேண்டும். பேக்கப்புக்கான வெளி டிஸ்க் வரியில் மட்டும் நோஃபெயிலும், 10 விநாடி காத்திருப்பு எல்லையும் இருக்கின்றன.